சேர் திருத்திய பேப்பர்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் காலமானார் என்ற செய்தி கடந்த மார்கழியில் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது இங்கே கனடாவில், ஸ்காபரோவில் விடியக் காலை ஆறு மணி. தெருவில் பனி வழிக்கிற வாகனம் போய்க்கொண்டிருந்தது. நான் பேஸ்மென்டுக்கு இறங்கிப்போய், பழைய பாஸ்போர்ட்டுகள் கிடக்கிற பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். அதன் அடியில் நாலாக மடித்தபடி ஒரு பத்திரிகைத் தாள் இருக்கிறது. 2010 இல் மோர்மிளகாயைச் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாள். ஒரு மூலை உப்புப் பூத்துப் பழுப்பேறிவிட்டது. மற்ற இடமெல்லாம் சிவப்பு மை.

நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் சேரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். அவர் பிறந்த ஊர், படித்த கலாசாலை, ஓய்வுபெற்ற வருடம் எல்லாவற்றையும் மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். அவருடைய கையெழுத்தில் என்னிடம் இருப்பது இந்த ஒரு தாள்தான். ஆகவே இந்தத் தாளைப் பற்றியே எழுதுகிறேன்.

கொண்டுவந்தவர் என் மனைவியின் சித்தி. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 வீதியால் பஸ்ஸில் கொழும்புக்கு வந்து விமானம் ஏறியவர். இன்றைய பிள்ளைகளுக்கு இது ஒரு சாதாரண வசனம். 2006 ஆகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் அந்தப் பாதை மூடப்பட்ட பிறகு, மூன்று வருடத்துக்கு மேலாகக் குடாநாட்டுச் சனம் கொழும்புக்குப் போவதென்றால் பலாலியிலிருந்து விமானம், இல்லாவிட்டால் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல். அதற்கும் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். 2009 மே மாதம் யுத்தம் முடிந்து, பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் திறபட்டு, பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில்தான் சித்தி புறப்பட்டார். சேர் அவரிடம் ஒரு பொதியைக் கொடுத்து, "இதை அவனிட்டைக் குடுங்கோ" என்றாராம். வேறொன்றும் சொல்லவில்லையாம்.

பத்திரிகையின் பெயரும் திகதியும் இருந்த மேற்பகுதி கிழிந்துபோயிருந்தது. ஆனாலும் நாளைக் கிட்டத்தட்டக் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் முழுக்கத் தேர்தல் விளம்பரம். 2010 ஜனவரி 26 ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். ஆகவே அதற்கு முந்திய ஒரு நாள். பொங்கலுக்கு அங்காலையோ இங்காலையோ. நாளைப் பற்றிச் சேர் கவலைப்படவில்லை. அவர் தாளை ஒரு விடைத்தாளாகவே எடுத்துத் திருத்தியிருந்தார்.

அவரிடம் தமிழ் படித்த எல்லாருக்கும் அந்தச் சிவப்புப் பேனா தெரியும். கொப்பி திரும்பி வரும்போது எங்கள் நீல எழுத்தைவிட அவருடைய சிவப்பு எழுத்துக் கூடவாக இருக்கும். பத்துக்கு ஏழுக்கு மேல் அவர் ஒருவருக்கும் போட்டதில்லை. எட்டுப் போட்டால் பிள்ளை படிப்பதை விட்டுவிடும் என்பது அவருடைய கணக்கு.

அன்றைய பேப்பரில் ஏழு தலைப்புகள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஏ9 பஸ் சேவை அதிகரிப்பு. தென்பகுதிச் சுற்றுலாப் பயணிகள் இடமின்றித் தவிப்பு. ஒரு வேட்பாளர் உறுதியளிப்பு. மீன் விலை இறங்கும் என்று எதிர்பார்ப்பு. கிணறு இறைத்தவர்கள் கைக்குண்டு கண்டெடுப்பு. தனியே போன பெண்ணிடம் சங்கிலி பறிப்பு. இவ்வளவையும் வரிசையாக வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். சேரும் அப்படித்தான் வாசித்திருக்கிறார். ஒவ்வொரு தலைப்பின் கடைசியிலும் 'ப்பு'வுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, எல்லாக் கோட்டையும் ஓர் அடைப்புக்குள் கொண்டுவந்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: "இயைபுத் தொடை. 7/10."

எதுகை, மோனை, இயைபு என்று அவர் கரும்பலகையில் எழுதிய நாட்கள் அப்படியே திரும்பி வந்தன. அடிதோறும் கடைசி எழுத்து ஒன்றி வந்தால் இயைபு. முப்பது வருட யுத்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத ஊரில், ஒரு மனிதர் விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு அன்றைய செய்தியில் இயைபுத் தொடை கண்டுபிடித்திருக்கிறார். அதை முதன்முதலாகப் பார்த்த இரவு நான் சத்தமாகச் சிரித்தேன். மனைவி குசினிக்குள்ளிருந்து என்னவென்று கேட்டா. வாசித்துக் காட்டினேன். அவ வேறு பள்ளிக்கூடம், ஆனால் அவவும் சிரித்தா.

ஏழாவது தலைப்பு மட்டும் ஒத்துவரவில்லை. ஊரடங்கு நேரம் தளர்வு. அதற்குப் பக்கத்தில் சேர் எழுதியிருந்தது இரண்டே சொல்: "தளை தட்டுகிறது." யாப்பில் ஒரு சீர் அடுத்த சீரோடு சரியாகக் கட்டுப்படாவிட்டால் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். தளை என்றால் விலங்கு என்றும் அர்த்தம். சேருக்கு இரண்டு அர்த்தமும் தெரியும், பேப்பர் வாசித்த நேரத்தில் இரண்டும் அவருக்கு முன்னால் இருந்திருக்கும். ஊரடங்கு தளருகிறது, அதனாலே தளை தட்டுகிறது. ஒரு வீட்டு விறாந்தையில், மருந்து குடிக்கிற நேரத்துக்கும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கும் இடையில், ஒருவரும் பார்க்காத ஒரு தாளில் எழுதிய வரி அது. யாப்பை ஒருவர் இதைவிட நன்றாகப் பயன்படுத்தி நான் கண்டதில்லை.

சுற்றுலாப் பயணிகள் செய்திக்குப் பக்கத்தில் "விறாந்தை: 9 பேர்" என்று இருந்தது. இதன் விளக்கத்தைச் சித்திதான் சொன்னார். பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசை, கீரிமலைக் கேணியில் வரிசை. இரவு தங்க இடமில்லாமல் தெருவோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குள்ளேயே படுத்தார்கள். அப்படி வந்த குருநாகல் பக்கத்துக் குடும்பம் ஒன்று சேரின் கேற்றடியில் நின்று தண்ணீர் கேட்டது. சேர் இளம் வயதில் மலைநாட்டுப் பக்கம் படிப்பித்தவர், சிங்களம் மறக்கவில்லை. பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர் இரண்டு இரவு அந்த விறாந்தையில் படுத்தார்கள். போகும்போது கித்துள் கருப்பட்டி ஒரு வட்டு வைத்துவிட்டுப் போனார்கள். சேரின் மனைவி பதிலுக்குப் பனங்கட்டிக் குட்டான் கொடுத்துவிட்டார். எங்கள் பொதிக்குள் மோர்மிளகாயோடு ஒரு கருங்கட்டித் துண்டும் இருந்தது. பனங்கட்டி என்று நினைத்து வாயில் போட்டேன், ருசி வேறாக இருந்தது. இப்போது நினைக்கிறேன், அது அந்த வட்டிலிருந்து உடைத்த துண்டு.

கீழே சின்னச் செய்திகளில் இரண்டு 'மீட்பு' இருந்தன. காணாமற்போன மாடு மீட்பு என்று ஒன்று. முதியவரின் சடலம் மீட்பு என்று மற்றது. மாட்டுக்குச் சேர் சரி போட்டிருந்தார். சடலத்தின் 'மீட்பை' வெட்டி மேலே 'கண்டெடுப்பு' என்று எழுதியிருந்தார். இது எங்கள் காலத்திலேயே இருந்த பிரச்சினை. "மீட்பு எண்டால் உயிரோடை திரும்பி வர வேணும். அடகு வைச்ச நகையை மீட்கலாம், அடிமைப்பட்டவனை மீட்கலாம், செத்தவனை எப்பிடியடா மீட்கிறது?" என்று வகுப்பில் கேட்பார். ஒருவரும் பதில் சொல்ல மாட்டோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்றுவரை சடலத்தை மீட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு அந்த மாடு ஞாபகம் வரும்.

தேர்தல் விளம்பரங்களில் ஒரு பக்கம் வெற்றிலைச் சின்னம், மறுபக்கம் அன்னச் சின்னம். 22 பேர் போட்டியிட்ட தேர்தல். முன்னணியில் நின்ற இருவர், யுத்தம் நடந்த நேரம் ஜனாதிபதியாக இருந்தவரும் இராணுவத் தளபதியாக இருந்தவரும். இந்த இரண்டுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி யாழ்ப்பாணத்துச் சனத்திடம் வந்து கேட்டார்கள். கடைசியில் யாழ் மாவட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடப் பேர்தான் வாக்களித்தார்கள். சேர் அரசியல் எதுவும் எழுதவில்லை. அன்னத்தின் படத்துக்குப் பக்கத்தில் மட்டும், பென்சிலால், "தூது போகுமோ?" என்று இருந்தது. நளனுக்காகத் தமயந்தியிடம் தூதுபோன அன்னத்தை அவர் படிப்பித்த விதத்தை மறந்தவர்கள் நம் சங்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்தப் பாடத்தன்று பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலடிக்கு வந்துவிடுவார்கள்.

இனி, பொது அறிவித்தல் ஒன்று. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பதிவுகளைப் புதுப்பிப்பது பற்றியது. கடைசி வரி, பொதுமக்களை ஒத்துழைக்குமாறு "கேட்டுக்கொல்கிறோம்" என்று முடிந்திருந்தது. ளகரத்துக்குப் பதிலாக லகரம். எழுத்துக் கோத்தவரின் விரல் பிசகு, தமிழில் மிகவும் பழகிப்போன பிழை. எங்கள் கொப்பியில் இந்தப் பிழை விட்டால் சேர் ஒரு பந்தி எழுதுவார், வகுப்பில் வாசித்துக் காட்டுவார், எல்லாரும் உருண்டு சிரிப்போம். இந்தத் தாளில் அவர் 'ல்' ஐ வட்டமிட்டு மேலே 'ள்' போட்டிருந்தார். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. தாள் முழுக்க அவர் திருத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்ட இடம் அது ஒன்றுதான்.

சேருக்கும் எனக்கும் பேப்பர் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருந்தது. எங்கள் வகுப்புக்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

1984. நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் அன்றைய செய்தி வாசிப்பு என்னுடைய முறை. கொழும்புப் பேப்பர்கள் தபால் ரயிலில் வரவேண்டும். ரயில் வரவில்லை. ஊரில் கடையடைப்பு, உள்ளூர்ப் பேப்பரும் வரவில்லை. தேவாரம் முடிந்துவிட்டது, கொடியேற்றி முடிந்துவிட்டது, அடுத்தது நான். 'செய்தி இல்லை' என்று மைக்கில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கொப்பியில் ஒற்றை கிழித்து மூன்று செய்தி எழுதினேன். ஓர் அமைச்சர் வெளிநாடு போகிறார். தென்மேற்கில் மழை பெய்யும். கிரிக்கெட் அணிப் பயிற்சி. எந்த நாளிலும் உண்மையாக இருக்கக்கூடிய செய்திகளாகப் பார்த்துத்தான் எழுதினேன். வாசித்தும் முடித்தேன்.

சேர் பின்னால் வந்து நின்றது தெரியாது.

"தம்பி, அந்தப் பேப்பரை ஒருக்காத் தா பாப்பம்."

கொடுத்தேன். அவர் அதைத் தலைக்கு மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் காட்டினார். கோடு போட்ட கொப்பி ஒற்றை. முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இண்டைக்குப் பேப்பர் வரேல்லை. அப்ப இந்தச் செய்தி எங்கையிருந்து வந்தது?"

என்னிடம் பதில் இல்லை. வேப்பமரத்தில் ஒரு காகம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது, அது நன்றாக ஞாபகம். சேர் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"திரும்ப வாசி. இண்டைக்குப் பேப்பர் வரேல்லை எண்டு வாசி. ஏன் வரேல்லை எண்டும் வாசி. அதுதான் இண்டையான் செய்தி."

வாசித்தேன். இன்று பத்திரிகைகள் வரவில்லை. தபால் ரயில் வரவில்லை. கடைகள் பூட்டியிருக்கின்றன. என் குரல் நடுங்கியது. மூன்று வசனம் வாசிக்க எனக்கு ஒரு முழு மணித்தியாலம் போனது போலிருந்தது. சேர் "சரி, போ" என்றார். அன்று பின்னேரத்துக்குள் எனக்கு 'ரொய்ட்டர்' என்று செய்தி நிறுவனத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் இன்றும் அந்தப் பெயர்தான்.

பல வருடமாக அந்த நாள் எனக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அவ்வளவு பேருக்கு முன்னால் வைத்திருக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பேப்பர் வராத ஒவ்வொரு நாளும், யாருடைய முறையாக இருந்தாலும், சேர் என்னைத்தான் கூப்பிட்டார். 85 இலும் 86 இலும் அப்படி எத்தனை நாள்! ஏன் வரவில்லை என்று விசாரித்து அறிந்து, மூன்று வசனத்தில் எழுதி வாசிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போய்க் கேட்பேன், பேப்பர்க் கடைக்காரரைக் கேட்பேன். 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சகங்களையே தகர்த்தார்கள். பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று நான் வாசித்த செய்தி அது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. மைக்கில்லாமல் வாசித்தேன், கடைசி வரிசைவரை கேட்டது என்று சொன்னார்கள்.

1989 இல் ஒரு சனிக்கிழமை இரவு நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டேன். வீட்டில் ஒழுங்கு செய்துவிட்டார்கள், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஏ.எல்., அதாவது உயர்தரம், படித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை செய்தி வாசிக்கிற பட்டியலில் என் பெயர் இருந்தது. சேரின் வீடு பஸ் போகிற வழியில்தான். விறாந்தையில் லாம்பு எரிந்தது. அவர் குனிந்திருந்தார், கொப்பி திருத்திக்கொண்டிருந்திருப்பார். பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டதுதான். 1990 இல் ரயிலும் நின்றுபோய், பொருளாதாரத் தடை வந்து, பேப்பர் அடிக்கத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வந்ததாம். சேருக்கு அது நல்ல வசதி, கோட்டுக்கு மேலே திருத்தலாம் என்று சொன்னாராம். 95 இடப்பெயர்வில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன சாமான்களில் இரண்டு கட்டுப் பழைய பேப்பரும் இருந்ததாம். அதில் ஒரு கட்டைச் செம்மணியில் யாரோ ஒரு கைக்குழந்தைக்கு விரிக்கக் கொடுத்துவிட்டாராம்.

தாளுக்குத் திரும்பி வருகிறேன். பின்பக்கம் மரண அறிவித்தல்கள். நமக்குப் பழகிய அமைப்பு: இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் கனடா, ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன். ஓர் அறிவித்தலில் சேர் அந்த அடைப்புகளுக்கெல்லாம் அடிக்கோடிட்டு, எண் போட்டு, கீழே கூட்டியிருந்தார். ஆறு பிள்ளைகள், ஐந்து நாடுகள். ஊரில் இருந்து கொள்ளிவைத்தவர் மருமகன். அதற்குக் கீழே, தாளின் அடி ஓரத்தில், வெறுமையான வெள்ளைப் பகுதியில் ஒரு சின்னப் பட்டியல்.

'வராதோர்' என்று தலைப்பு. வரவுப் பதிவில் போடுகிற அதே சிவப்புச் சுழி. நாலு பெயர், வகுப்பு இலக்கத்தோடு. பெயர்களை இங்கே எழுதவில்லை. எங்கள் 9பி காரருக்குத் தெரியும். ஒருவன் 96 இல் சைக்கிளில் கடைக்குப் போனவன். இரண்டு பேர் வன்னிக்குள் இருந்தவர்கள். 2009 சித்திரைக்குப் பிறகு அவர்களைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அன்றைய பேப்பர் முழுக்கத் திறப்பும் அதிகரிப்பும் எதிர்பார்ப்புமாக இருந்தபோது, அதில் வராத செய்தியைச் சேர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

நாலாவது பெயர் என்னுடையது. மற்ற மூன்று பெயருக்கும் நேரே வெறும் கோடு. என் பெயருக்கு நேரே 'திங்கள்' என்று இருந்தது.

தாளை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் ஃபோன் எடுத்தேன். சேரின் குரல் மெலிந்திருந்தது, ஆனால் ழகரம் அப்படியே இருந்தது.

"பொதி கிடைச்சது சேர். அந்தப் பேப்பர்..."

"அது மிளகாய் சுத்தின பேப்பர், தம்பி. மிளகாய் எப்பிடி?"

"பொரிச்சுச் சாப்பிட்டம் சேர்."

"உப்புக் கூடவோ?"

"இல்லை சேர். அளவாய் இருந்தது."

"வெயில் காணாது இந்த முறை. மாரி பிந்தித்தான் விட்டது."

பிறகு காலநிலை பற்றியே கதைத்தோம். திங்கட்கிழமை பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வேண்டுமென்றுதான் அந்தத் தாளைத் தெரிந்தெடுத்துச் சுற்றினாரா, கட்டிலடியில் கிடந்த பேப்பர்க் கட்டின் மேலே இருந்ததை எடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நேரில் போய்க் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடியது. அடுத்த வருடம் போவோம் என்றேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், வேலையிடத்தில் லீவு. நிஜமான காரணங்கள்தான், ஒன்றும் பொய்யில்லை. 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் எடுத்தேன். மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்கா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். 2022 இல் ஃபோனில் கதைத்தபோது அவருக்குக் காது கேட்பது நன்றாகக் குறைந்துவிட்டது. டொலர் தட்டுப்பாட்டால் தாள் இறக்க வழியில்லாமல், மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளையே தள்ளிவைத்திருந்த நேரம் அது. "பேப்பருக்கே பேப்பர் இல்லை தம்பி" என்று இரண்டு தடவை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் நான் அவரிடம் கடைசியாகக் கேட்டது.

ஊரில் செத்தவீட்டுக்கு நம் சங்கம் மலர்வளையம் அனுப்பியது. 31 ஆம் நாளுக்கு இங்கே ஒரு மண்டபத்தில் நினைவஞ்சலிக் கூட்டம் வைத்தோம். நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு அச்சகத்திலிருந்து அஞ்சலித் துண்டுப் பிரசுரம் 250 பிரதி வந்து இறங்கியது. செயலாளரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்தோம். மேலே சேரின் படம், அழகாக வந்திருந்தது. கீழே கடைசி வரி: "எமது ஆழ்ந்த அனுதாபங்களை தெரிவித்துக்கொள்கின்றோம்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் ஒற்று மிகும். 'த்' இல்லை.

திரும்ப அடிக்க நேரமில்லை. செயலாளரின் மகளின் மேசையில் சிவப்பு ஜெல் பேனா மூன்று கிடைத்தது. உட்கார்ந்து 250 பிரதியிலும் 'அனுதாபங்களை'க்குப் பக்கத்தில் கூரை போட்டு, மேலே ஒரு 'த்' எழுதினோம். சேர் போடுகிற மாதிரியே, கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து. கூட்டத்தில் பிரதியைக் கையில் வாங்கிய சிலர் அது என்ன சிவப்பு என்று கேட்டார்கள். அதுதான் விஷயம்.

கடைசிப் பிரதி முடிய இரவு பதினொன்றே கால். செயலாளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழு தருவாரோ?"

மற்ற நண்பன் பேனாவை மூடினான். "அச்சடிக்க முந்திப் பாக்கேல்லை. அஞ்சுதான்."